திரைக்குப் பின்னால் பார்த்த துப்பாக்கி

பேசும் படம் எங்கள் பக்கம் இன்னும் வந்து சேராத காலம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுக்குக் கொஞ்சம் முன்னேயோ பின்னேயோ இருக்கும், வருஷம் சரியாக நினைவில்லை. வடசேரிச் சந்தைக்குப் பக்கத்தில், அறுவடை முடிந்து காய்ந்து கிடந்த வயலில் கூடாரம் போட்டு ஊமைப்படம் காட்டினார்கள். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. சந்தையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த ஒரு துப்பாக்கிப் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தேன்.

துப்பாக்கிப் பட்டறை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மலையோரத்து விவசாயிகளும், ரப்பர் தோட்டத்துக்காரர்களும் பன்றி விரட்ட லைசென்ஸ் வாங்கி வைத்திருக்கும் துப்பாக்கிகள், எங்கள் பக்கத்துப் பேச்சில் தோக்குகள், வரும். சுருள்வில் உடைந்திருக்கும், குழல் துருப்பிடித்திருக்கும், தோளில் வைக்கிற கட்டை பிளந்திருக்கும். சரிசெய்து கொடுப்போம். அவ்வளவுதான் தொழில். ஆனால் எனக்கு அதில் ஒரு கிறுக்கு இருந்தது. ஒரு துப்பாக்கியை தூரத்தில் பார்த்தாலே அது எந்த ஊரில் செய்தது, எத்தனை தோட்டா கொள்ளும், எப்படித் திறக்கும் என்று சொல்லிவிடுவேன். சொல்லிவிட்டு, கேட்டவர் முகத்தையும் பார்ப்பேன். அந்தக் கர்வம் எனக்கு நிறையவே உண்டு.

அந்தக் கூடாரத்தில் கொட்டு அடிக்கிறவன் என் சிநேகிதன். ஊமைப்படத்துக்குக் கொட்டு எதற்கு என்று இப்போதுள்ளவர்கள் கேட்கலாம். திரையில் குதிரை ஓடினால் இவன் டக் டக் என்று தட்டுவான். சுட்டால் ஓங்கி ஒன்று போடுவான். பெரிய சண்டை என்றால் வெளியே போய் ஓலைப்படக்க வெடியைக் கொளுத்திப் போட்டுவிட்டு ஓடிவருவான். அவனுடைய இடம் திரைக்குப் பின்பக்கம். அங்கேயும் ஜனங்கள் உட்காருவார்கள். திரை வெறும் வெள்ளைத் துணிதானே, அதை அவ்வப்போது தண்ணீர் பீய்ச்சி நனைத்துவிட்டால் படம் மறுபக்கமும் பளிச்சென்று தெரியும். முன்பக்கம் பெஞ்சும் தரையும், பின்பக்கம் வெறும் வைக்கோல். நான் சிநேகிதன் தயவில் பின்வாசல் வழியாக நுழைந்து அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வேன்.

அன்று ஓடியது ஒரு சண்டைப் படம். மலைக்கோட்டை, கொள்ளைக்கூட்டம், ஓடுகிற ரயில், அதன் கூரைமேல் அடிதடி. எனக்குக் கதையில் நாட்டம் இல்லை. என் கண் துப்பாக்கிகளைவிட்டு நகரவில்லை.

முதலில் வில்லன் கையில் ஒரு ரிவால்வர் வந்தது. ஆறு தோட்டா கொள்ளுகிற சாமான். அவன் பதினோரு முறை சுட்டான். எண்ணிக்கொண்டே இருந்தேன். நடுவில் ஒரு தடவைகூடத் தோட்டா போடவில்லை. அடுத்த காட்சியில் போலீஸ் அதிகாரி தன் இடுப்பிலிருந்து ஒரு ரிவால்வரை உருவினார். அதே சாமான். பிடியில் ஒரு ஓரம் விள்ளல் விட்டிருந்தது, வில்லன் கையில் இருந்ததிலும் அதே இடத்தில் அதே விள்ளல். படம் எடுத்தவர்களிடம் இருந்ததே ஒன்றுதான் போலிருக்கிறது. கோட்டைச் சுவர்மேல் வரிசையாக நின்ற சிப்பாய்களில் முன்னால் நின்ற நாலு பேர் கையில்தான் உண்மையான துப்பாக்கி. பின்னால் நின்றவர்கள் வைத்திருந்தது மரக்கட்டை. குழலின் வாயில் ஓட்டையே இல்லை. ஒரு கிழவன் வாய்வழி மருந்து இடிக்கிற நாட்டுத் துப்பாக்கியால் இடையில் மருந்து இடிக்காமலேயே அடுத்தடுத்து மூன்று வெடி வெடித்தான். எங்கள் பட்டறைக்கு வருகிற மலைக்காரர் யாராவது அதைப் பார்த்திருந்தால் எழுந்து போயிருப்பார்.

இதையெல்லாம் சிநேகிதன் காதில் ஓதிக்கொண்டே இருந்தேன். அவனுக்கு எரிச்சல்.

"லே மக்கா, செத்த நேரம் வாயப் பொத்திட்டு இரி. நீ எண்ணிட்டு இருந்தா எனக்கு அடி தப்பிப் போவும்" என்றான்.

அப்போதுதான் கதாநாயகன் அந்தத் துப்பாக்கியை எடுத்தான். திரை முழுக்க அவன் முகமும் துப்பாக்கியும். நீளமான ரைஃபிள். ஒரு குண்டு வெடித்ததும் காலித் தோட்டாவை வெளியே இழுத்துவிட்டு அடுத்ததை உள்ளே தள்ளுகிற கைப்பிடி ஒன்று அதில் இருக்கும், போல்ட் என்போம். நான் கையாண்ட ரைஃபிள் எல்லாவற்றிலும் அது வலப்பக்கம்தான் இருக்கும். இதில் இடப்பக்கம் இருந்தது. கதாநாயகன் இடது தோளில் கட்டையை அண்டக்கொடுத்து, இடது கையாலேயே போல்ட்டை இழுத்து, தள்ளி, சுட்டான். கொஞ்சமும் தடங்கல் இல்லை.

நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். இப்படி ஒரு துப்பாக்கியா? எந்த ஊரில் செய்கிறார்கள்? மறுநாளும் போனேன், அதற்கு மறுநாளும் போனேன். மூன்று நாளும் பின்பக்கம், அதே வைக்கோல், அதே சிநேகிதன்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். பின்பக்கம் இருந்து பார்த்தால் எழுத்து இடம் வலம் மாறித் தெரியும் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். படத்தின் நடுவே எழுத்துப் போடும்போது பின்பக்கம் இருக்கிற நாங்கள் சிரிப்போம். எழுத்து மாறினால் ஆளும் மாறித்தான் தெரிவான், அவன் கையில் இருக்கிற சாமானும் மாறித்தான் தெரியும். இது மூன்று நாளில் ஒரு விநாடிகூட எனக்கு உறைக்கவில்லை. வில்லன் இடது கையால் ரிவால்வரை உருவினதைப் பார்த்து, கெட்டவன் என்று காட்ட இப்படிச் செய்கிறார்கள் போலிருக்கிறது என்று நானே ஒரு விளக்கம்கூடச் சொல்லிக்கொண்டேன். எனக்குத் தெரிந்த விஷயம் என்ற நினைப்பு அப்படிக் கண்ணைக் கட்டிவிட்டது.

நாலாம் நாள் பட்டறைக்கு ஒருவர் வந்தார். குலசேகரத்துக்கு மேலே, பேச்சிப்பாறை போகிற வழியில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் காவல்காரர். நாற்பது வயது இருக்கும். தோட்டத்துத் துரையின் ரைஃபிளைத் துணியில் சுற்றி, துரை கொடுத்த சீட்டோடு கொண்டுவந்திருந்தார். சுருள்வில் தளர்ந்திருந்தது, சின்ன வேலை. அவர் வலது கண் மூடிக் கிடந்தது.

நான் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே நின்றவர், தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தம்பி, இதுக்க போல்ட்ட எடத்துப் பக்கம் மாத்திப் போட ஒக்குமா?"

எதற்கு என்று கேட்டேன். சொன்னார். ஆறு மாதத்துக்கு முன் பன்றியை விரட்டிக்கொண்டு மூங்கில் புதருக்குள் ஓடியபோது வளைந்திருந்த கிளை விசிறி அடித்துக் கண் போய்விட்டது. இருபது வருஷமாக வலது தோளில் வைத்துச் சுட்டவர். இனி இடது கண்ணால்தான் குறி பார்க்க வேண்டும். இடது தோளில் வைத்தால் குறி கிடைக்கிறது, ஆனால் ஒரு குண்டு போட்டதும் போல்ட்டை இழுக்க வலது கை துப்பாக்கிக்கு மேலே சுற்றி வர வேண்டும். அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அடிபட்ட பன்றி திரும்பினால் அவர் கதி அதோகதி.

"துரை தவணை சொல்லியாச்சு. அடுத்த மாசம் கடைசிச் சனிக்கிழம. மேட்டுலேருந்து மண்ணெண்ணெத் தகரத்த உருட்டி விடச் சொல்லுவாரு. அது ஓடைக்கு வந்து சேரதுக்குள்ள ரெண்டு வெடி வெச்சு, ஒண்ணாவது படணும். இல்லேண்ணா வேற ஆளு. வேல போனா வீடும் போச்சு தம்பி, அது தோட்டத்துக்க வீடுல்லா. ரெண்டு பொம்பளப் பிள்ளைய இருக்கு."

அந்த நேரத்தில் நான் செய்திருக்க வேண்டியது, அவரை நிறுத்தி, ஒரு துப்பாக்கியைக் கையில் கொடுத்து, எப்படிப் பிடிக்கிறீர்கள் என்று பார்ப்பது. பட்டறைக்காரன் யாரும் முதலில் அதைத்தான் செய்வான். நான் செய்யவில்லை. என் மண்டைக்குள் அந்தப் படத்துத் துப்பாக்கி சுற்றிக்கொண்டிருந்தது. கேள்வி கேட்பதற்கு முன்னாலேயே விடை தெரிந்த பையனைப் போலத் துள்ளினேன்.

"அண்ணே, இத மாத்த ஒக்காது. ஆனா எடத்துப் பக்கம் போல்ட் வெச்ச தோக்கு உண்டு. எனக்க ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்."

கண் போன மனிதரிடம் போய் ரெண்டு கண்ணாலும் பார்த்தேன் என்றேன். அவர் அதைக் கவனிக்கவில்லை. அவர் முகம் அப்படியே மாறிவிட்டது. எங்கே, எப்படி என்று கேட்டார். நான் ஒரு பழைய குழலை எடுத்து இடது தோளில் வைத்து, கதாநாயகன் செய்ததை அப்படியே செய்து காட்டினேன். இப்படி இழுக்க வேண்டும், இப்படித் தள்ள வேண்டும், கை விசையைவிட்டு இவ்வளவுதான் நகரும். அவர் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை செய்யச் சொல்லிப் பார்த்தார். ஒரு நூலை எடுத்து போல்ட் எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்றுகூட அளந்துகொண்டார். மதராஸுக்கு எழுதி வரவழைத்துவிடலாம், துரையிடம் சொன்னால் வாங்கித் தந்துவிடுவார் என்றும் அளந்துவிட்டேன். போகும்போது அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

அதற்குப் பிறகு தேடத் தொடங்கினேன். பட்டறையில் இருந்த விலைப்புத்தகங்களை எல்லாம் புரட்டினேன். படங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் போல்ட் வலப்பக்கம். மதராஸில் துப்பாக்கி விற்கும் ஒரு கடைக்குக் கடிதம் எழுதினேன். பதில் வரப் பத்து நாள் ஆயிற்று. சீமையில் சொல்லிச் செய்தால் கிடைக்கலாம், வருஷக்கணக்கில் ஆகும், கடையில் அப்படி எதுவும் இல்லை, நீர் பார்த்ததாகச் சொல்லும் துப்பாக்கியைப் படம் வரைந்து அனுப்பினால் யோசனை சொல்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நான் பார்த்தேன் என்கிறேன், இவர்கள் பார்த்ததாகச் சொல்லும் என்கிறார்களே என்று.

அதற்குள் கூடாரம் வடசேரியைவிட்டுக் கிளம்பிவிட்டது. விசாரித்தால் தக்கலையில் போட்டிருக்கிறார்கள், அதே படம்தான் ஓடுகிறது என்றார்கள். காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு மோட்டார் வண்டி ஏறினேன். சனிக்கிழமைத் தவணைக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. துல்லியமாக வரைய வேண்டும், பின்பக்கம் விளக்கு வெளிச்சம் இல்லை, வைக்கோலில் உட்கார்ந்து வரைய முடியாது. அதனால் வாழ்க்கையில் முதல் தடவையாக முன்பக்கம் பெஞ்சுக்குச் சீட்டு வாங்கினேன்.

ரயில் வந்தது, ரிவால்வர் வந்தது. கதாநாயகன் துப்பாக்கியை எடுத்தான். நான் பென்சிலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

போல்ட் வலப்பக்கம் இருந்தது. வலது தோள், வலது கை. பட்டறையில் நான் வாரத்துக்கு ஒன்று கழற்றிப் பூட்டுகிற அதே மாதிரி ரைஃபிள்.

ஒரு நிமிஷம், இவர்கள் வேறு படத்தைப் போடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். பிறகு நடுவே எழுத்து வந்தது. முன்பக்கத்து ஜனம் யாரும் சிரிக்கவில்லை. எழுத்து நேராக இருந்தது. காகிதத்தை மடியில் கவிழ்த்துவிட்டுக் குனிந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர் என்ன தம்பி, மேலுக்குச் சுகமில்லையா என்று கேட்டார். எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

கூடாரத்துக்கு வெளியே சிநேகிதன் ஓலைப்படக்கத்தைக் கொளுத்த வந்தான். அவனிடம் சொன்னேன். அவன் முதலில் சிரித்தான். காவல்காரர் கதையைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

"அப்போ நாளைக்கே போய்ச் சொல்லிரு மக்கா. வெச்சிட்டு இருந்தா நாறிப் போவும்" என்றான்.

ஊருக்குத் திரும்பாமல் அவனோடு தங்கிவிட்டு, காலையில் குலசேகரம் வண்டியைப் பிடித்தேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். கடையில் இல்லையென்று சொல்லிவிட்டார்கள் என்று ஒரு பாதி உண்மையைச் சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது. அது பொய்யாகவும் இருக்காது, என் மானமும் போகாது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரொம்ப தூரம் அந்த யோசனையோடுதான் போனேன்.

குலசேகரத்தில் இறங்கி ரப்பர் மரங்களுக்கிடையே ஒரு மணி நேரம் நடந்தேன். அவர் வீட்டு முற்றத்தில் என்னைக் கண்டதும் அவருடைய மனைவி உள்ளே ஓடி நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

"வாரும் தம்பி. போன ஞாயிறு சபையில சாட்சி சொன்னோம், உம்ம மூலமா கர்த்தர் வழி காட்டினாருண்ணு. ஒரு சேவல ஸ்தோத்திரக் காணிக்கையாவும் வெச்சாச்சு" என்றார்.

அவர்கள் வேதக்காரர்கள். சபை முழுக்க எழுந்து நின்று, இல்லாத துப்பாக்கிக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள். தண்ணீர் கேட்டேன்.

அதற்குள் காவல்காரர் வீட்டுக்குப் பின்னாலிருந்து வந்தார். கையில் ஒரு துப்பாக்கி. வாசலுக்கு வந்ததும்தான் தெரிந்தது, அது மரம். பழைய வீட்டின் அயனிமர நிலைக்கால் ஒன்றை எடுத்து முழுத் துப்பாக்கியாகவே செதுக்கியிருந்தார். குழல், விசை, கட்டை எல்லாம் இருந்தது. இடப்பக்கம் ஒரு மரப் போல்ட், அன்று பட்டறையில் அவர் நூல் பிடித்து அளந்த அளவில், இழுத்தால் வந்து தள்ளினால் போகிற மாதிரி. ஒரு மாதமாகத் தினமும் காலையும் மாலையும் மேட்டில் மூத்த மகள் தகரத்தை உருட்டிவிட, இவர் கீழே நின்று இதை வைத்துப் பழகியிருக்கிறார்.

"பாரு தம்பி, வேகம் வந்தாச்சு" என்று இடது தோளில் தூக்கி வைத்து, இழுத்து, தள்ளிக் காட்டினார். படத்தில் கதாநாயகன் செய்ததைவிட நன்றாகவே செய்தார்.

பாதி உண்மை சொல்லலாம் என்று வந்தவன் நான். அந்த மரப் போல்ட்டைப் பார்த்த பிறகு அது முடியவில்லை. எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். திரைக்குப் பின்னால் உட்கார்ந்தது, வைக்கோல், எழுத்து, தக்கலை, எல்லாம். அப்படி ஒரு துப்பாக்கி நான் பார்க்கவில்லை அண்ணே, நான் பார்த்தது தப்பு என்றேன். அழுதேன் என்றும் சொல்ல வேண்டும்.

அவர் மரத்துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பேசியது அவர் மனைவி.

"ஒரு மாசமா இந்த மனுசன் ஒறங்கல்ல தம்பி. நீரு அண்ணைக்கே தெரியாதுண்ணு சொல்லியிருந்தா, வேற எங்கயாவது சோலி தேடியிருப்பாரு. நாலு நாளுதான் இருக்கு. இனி நாங்க எங்க போவ?"

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குத் தேவலை. எதையாவது பார்க்க வேண்டுமே என்று காவல்காரர் மடியில் கிடந்த மரத்துப்பாக்கியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்சம் கொஞ்சமாக அதன் கட்டை என் கண்ணில் படத் தொடங்கியது. வெட்கம் ஒரு பக்கம் இருந்தாலும் தொழில்காரன் கண் சும்மா இருக்காதே.

"அண்ணே, அத இன்னொரு தடவ தோள்ல வைங்க" என்றேன்.

வைத்தார். நான் எதிரே போய் நின்று அவர் கண்ணைப் பார்த்தேன். இடது கண் குழலுக்கு நேர்மேலே, மயிரிழை விலகாமல் இருந்தது. கடையில் வருகிற துப்பாக்கிகளின் கட்டை வலதுகைக்காரனுக்காகச் சற்றே ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். இடது தோளில் வைத்தால் அது முகத்தைத் தள்ளிவிடும். இவர் ஒரு மாதமாகத் தோளில் வைத்துப் பார்த்து, உறுத்திய இடத்தைச் சீவி, மறுபடி வைத்துப் பார்த்து, மறுபடி சீவி, கட்டையைத் தன் கன்னத்துக்கும் தோளுக்கும் கண்ணுக்கும் சரியாகக் கொண்டுவந்திருந்தார். நான் எத்தனை அளவெடுத்தாலும் அப்படி வராது.

பங்களாவில் வேறு துப்பாக்கி ஏதாவது உண்டா என்று கேட்டேன். ஒரு மாதத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"ஒரு ரெட்டக்குழல் கெடக்கு. கட்ட பொளந்து போச்சுண்ணு மூலையில சாத்தியாச்சு" என்றார்.

இரட்டைக் குழலுக்குப் போல்ட்டே கிடையாது. இரண்டு குழல், இரண்டு தோட்டா, இரண்டு விசை. ஒன்றை இழுத்துவிட்டு விரலை நகர்த்தி அடுத்ததை இழுத்தால் போதும். இடக்கைக்காரன், வலக்கைக்காரன் என்று அதற்குக் கணக்கில்லை. துரை கேட்டதும் இரண்டு வெடிதான். இந்தச் சின்ன விஷயம் பட்டறைக்காரனான எனக்குத் தெரியாதா? தெரியும். கண்முன்னால் இருந்ததை யோசிக்கவிடாமல் ஒரு அதிசயத் துப்பாக்கி குறுக்கே நின்றுவிட்டது.

அவர் போய் துரையிடம் கேட்டார். உடைந்து கிடப்பதுதானே, என்னவோ செய்து கொள் என்று துரை கொடுத்துவிட்டார். நான் ஆள் அனுப்பிப் பட்டறையிலிருந்து உளியும் அரமும் வரவழைத்தேன். மரத்துப்பாக்கியின் குழலையும் போல்ட்டையும் அறுத்துத் தள்ளினோம். மிச்சமிருந்த கட்டையில் இரட்டைக் குழலின் இரும்பு உட்காரும்படி குடைந்தேன். புகைக்கரியை இரும்பில் தடவி வைத்து அழுத்தி, கரி ஒட்டின இடத்தை மட்டும் சுரண்டி, மறுபடி வைத்து அழுத்தி, இப்படியே மூன்று நாள். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து சீவல்களை ஒதுக்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி வேளாவேளைக்குக் கிழங்கும் மீன்கறியும் கொண்டுவந்து வைப்பார், என் முகத்தைப் பார்க்கமாட்டார். அது நியாயம்தான்.

வெள்ளிக்கிழமை பகலில் வேலை முடிந்தது. ஆனால் அயனிக்கட்டை வெடியின் உதையைத் தாங்குமா என்று எனக்கே உறுதியில்லை. பிளந்தால் அவருடைய இன்னொரு கண்ணுக்கு நேராகத்தான் தெறிக்கும். இந்தத் தடவை தாங்கும் என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது அண்ணே, பார்த்துவிடலாம் என்றேன். துப்பாக்கியை ஒரு பலா மரத்தில் கயிறால் வரிந்து கட்டி, விசையில் நீளச் சரடு கோத்து, பாறைக்குப் பின்னால் இருந்து நான் இழுத்தேன். இரண்டு குழலும் வெடித்தன. போய்க் கட்டையை விரலால் தடவிப் பார்த்தேன். கீறல் இல்லை. மறுபடி கட்டி மறுபடி வெடித்தோம். ஆறு தோட்டா போட்ட பிறகுதான் அவர் தோளில் வைக்க விட்டேன்.

மறுநாள் துரை ஓடைக்கரையில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். தோட்டத்து ஆட்கள் பாதிப்பேர் வேலையை விட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். மேட்டிலிருந்து தகரத்தை உருட்டிவிட்டார்கள். அது கல்லில் முட்டி, துள்ளித் துள்ளி வந்தது. அவர் முதல் வெடி வைத்தார். மண் சிதறியது, தகரம் உருண்டுகொண்டே இருந்தது. அவர் கன்னம் கட்டையைவிட்டு எழும்பவில்லை. இரண்டாவது வெடியில் தகரம் காற்றில் எழும்பி, ஓடைக்கு நாலடி தூரத்தில் பொத்தலாக விழுந்தது. துரை அதைக் காலால் புரட்டிப் பார்த்தார். தலையை ஆட்டினார். வேலை நிலைத்துவிட்டது.

அவர் மனைவி அன்றைக்குத்தான் என்னிடம் மறுபடி பேசினார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். நான் புறப்படும்போது காவல்காரர் குலசேகரம் வரை கூட நடந்து வந்தார். மன்னித்துவிடுங்கள் என்று மறுபடி ஆரம்பித்தேன்.

"சவத்த விடு தம்பி. அப்படி ஒரு தோக்கு உண்டுண்ணு நீ சொல்லப் போய்த்தான் நான் எடத் தோள்ல பழகினேன். இல்லேண்ணா கண்ணு போச்சுண்ணு வீட்டுக்குள்ளயே கெடந்திருப்பேன்" என்றார்.

பெரிய மனசு, அதனால் அப்படிச் சொன்னார். சில பேரிடம் இந்தக் கதையைச் சொல்லும்போது, பார்த்தாயா, உன் தப்பும் நல்லதற்குத்தான் முடிந்தது என்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. நல்லதாக முடித்தது அவருடைய ஒரு மாத உழைப்பு. என் வார்த்தை பொய்யாகப் போனபோது விழாமல் தாங்கினது அதுதான். தாங்காமல் போயிருக்கவும் கூடும், இரண்டு பெண்களோடு அந்தக் குடும்பம் தெருவில் நின்றிருக்கவும் கூடும்.

பிறகு நாற்பது வருஷம் அதே தொழிலில் இருந்தேன். படங்களும் நிறையப் பார்த்தேன், துப்பாக்கிகளை இனம் காணுகிற கிறுக்கு போகவில்லை. யாராவது வந்து ஒன்றைக் கேட்டால் மட்டும் என் நாக்கு ஒரு கணம் தயங்கும். நான் அலட்சியமாக "தெரியும்" என்று சொல்லி முடிப்பதற்குள், அதை நம்பி எங்கேயோ ஒரு மனிதர் தன் வீட்டு மரத்தை எடுத்துச் செதுக்கத் தொடங்கிவிடுவார் என்ற பயம் அன்றைக்குப் பிடித்தது, இந்த வயதிலும் விடவில்லை.